கடன் தீர்க்க ஒரு தரகரா?

"கவலையை விடுங்கள்! உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம். பாங்க்காரர் தொல்லை இனி உங்களுக்கு இல்லை. இன்றே கூப்பிடுங்கள்!"

இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கைபேசியில் வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி. வந்திருந்தால், அதைத் துடைத்துப் போடுவதற்கு முன்னால் இந்த வாரம் நான் சொல்வதைக் கொஞ்சம் கேட்டு விடுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும், உங்கள் தம்பிக்கோ, மைத்துனருக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோ பயன்படும்.

கடனைப் 'பைசல்' செய்து தருகிறோம் என்று சொல்லும் கம்பெனிகள் நம் நாட்டில் இப்போது பெருகி வருகின்றன. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே நின்று பேரம் பேசி, அசலும் வட்டியுமாய் நிற்கும் தொகையைக் குறைத்துக் கொடுப்பதுதான் தங்கள் தொழில் என்று இவர்கள் சொல்லுகிறார்கள். அதற்குக் கூலி வாங்கிக் கொள்ளுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கல்யாணத்துக்குத் தரகர் இருக்கிறார், வீடு வாங்கத் தரகர் இருக்கிறார், கடனைத் தீர்க்க ஒரு தரகர் இருந்தால் என்ன?

இருக்கட்டும். ஆனால் கல்யாணத் தரகர் முகூர்த்தம் முடிந்த பிறகுதான் கை நீட்டுவார். இவர்களில் பலர் பெண் பார்ப்பதற்கு முன்பே கை நீட்டுகிறார்கள். சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

இந்தக் கம்பெனிகளிடம் போகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஊதாரிகள் என்றா? இல்லவே இல்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் அட்டையைத் தேய்த்தவர்கள். பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கைபேசியிலேயே ஒரு கடன் வாங்கியவர்கள். வேலை போய், வந்த சம்பளம் நின்று, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி, அதை அடைக்க மூன்றாவது வாங்கியவர்கள். எல்லாரும் மானத்துக்குப் பயந்த மனிதர்கள். வாசலில் வசூல்காரன் வந்து நின்றால் எதிர் வீட்டு மாமி என்ன நினைப்பாளோ என்று நடுங்குகிறவர்கள். மானத்துக்குப் பயப்படாதவனுக்குத் தரகரே வேண்டாமே! அவன் பாட்டுக்குக் காலை நீட்டித் தூங்குவான். ஆக, இந்த வியாபாரத்தின் முதலீடே நல்லவர்களின் பயந்தான்.

அப்பத்துக்குச் சண்டை போட்ட இரண்டு பூனைகளின் கதை உங்களுக்குத் தெரியும். நியாயம் வழங்க வந்த குரங்கு, இந்தத் துண்டு பெரிது என்று ஒரு கடி, அந்தத் துண்டு பெரிது என்று ஒரு கடி, கடைசியில் மிச்சமிருந்ததைத் தன் கூலியாக எடுத்துக் கொண்டு போயிற்று. குழந்தைகளுக்குச் சொல்லும் கதைதான். பெரியவர்களுக்குந்தான் அது வேண்டியிருக்கிறது.

குரங்கின் தராசு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

முதல் நாள் டெலிபோனில் ஒருவர் பேசுகிறார். குரலில் தேன் சொட்டுகிறது. "ஸார், நீங்க இனிமே பாங்குக்கு ஒரு தவணையும் கட்டாதீங்க. கட்டினா அவங்க எப்படி ஸார் பேரத்துக்கு வருவாங்க? நீங்க கட்டாம இருந்தாத்தான் அவங்க இறங்கி வருவாங்க. அந்தப் பணத்தை நாங்க சொல்ற கணக்குல மாசாமாசம் போட்டுக்கிட்டே வாங்க. பாங்கிலேருந்து போன் வந்தா எடுக்காதீங்க. எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? அன்றைக்கு ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். ஆனால் வட்டி தூங்குவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து விடுவோம். பென்ஸிலை எடுத்துக் கொள்ளுங்கள். கடன் அட்டையில் 2,00,000 ரூபாய் பாக்கி. வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கடன் அட்டைகளில் இது சர்வ சாதாரணம். தரகர் பேச்சைக் கேட்டுப் பதினெட்டு மாதம் ஒன்றுமே கட்டவில்லை. வட்டிக்கு வட்டி ஏறி, பாக்கி சுமார் 3,71,500 ரூபாய் ஆகிவிடும். தாமதக் கட்டணமும் வரியும் இதில் சேரவில்லை.

இப்போது தரகர் வெற்றியோடு வருகிறார். "பாதியாக்கி விட்டோம், ஸார்!" எதில் பாதி? 3,71,500-இல் பாதி. அதாவது 1,85,750 ரூபாய். நீங்கள் வாங்கிய அசலுக்கு அது அநேகமாய்ச் சமம். இனித் தரகுக் கூலி. மாதம் 3,000 ரூபாய் வீதம் பதினெட்டு மாதத்துக்கு 54,000. 'மிச்சப்படுத்திக் கொடுத்த' தொகையில் நூற்றுக்குப் பதினைந்து வீதம் சுமார் 27,860. இவற்றின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. மொத்தக் கூலி சுமார் 96,600 ரூபாய். ஆகக் கூடி உங்கள் கையை விட்டுப் போனது சுமார் 2,82,350 ரூபாய்.

கூலி விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் போட்டது ஓர் உதாரணந்தான். ஆனால் இதோடு இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 2,00,000 ரூபாயை முதலிலேயே பாங்க்காரரிடம் பேசி, வருஷத்துக்கு 18 சதவிகித வட்டியில் முப்பத்தாறு மாதத் தவணையாக மாற்றிக் கொண்டிருந்தால், மாதம் சுமார் 7,230 ரூபாய். மொத்தம் சுமார் 2,60,300 ரூபாய். பாதியாகக் குறைத்ததைவிட முழுசாகக் கட்டியது குறைவு! பேரும் கெடவில்லை, வாசலுக்கு யாரும் வரவில்லை.

பணத்தோடு போயிற்றா என்றால், அதுவும் இல்லை. தவணை நின்று 90 நாள் ஆனால், உங்கள் கடன் பாங்கின் கணக்கில் வாராக் கடன் வரிசைக்குப் போய்விடும். நம் நாட்டில் ஒவ்வொருவருடைய கடன் சரித்திரத்தையும் எழுதி வைக்க நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஸிபில் என்ற பெயரை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்பவை மற்ற மூன்று. 300-க்கும் 900-க்கும் நடுவே உங்களுக்கு ஒரு மார்க்குப் போடுகிறார்கள். தவணை தவறத் தவற அந்த மார்க்கு இறங்குகிறது. கடைசியில் குறைந்த தொகைக்குப் பைசல் செய்து கொண்டால், 'கடன் முடிந்தது' என்று அங்கே எழுத மாட்டார்கள். 'பைசல் செய்யப்பட்டது' என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். முதலாவது பரீட்சையில் பாஸ். இரண்டாவது கருணை மார்க்கு. பின்னால் வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதோ, பையனின் படிப்புக் கடனுக்கு நீங்கள் கையெழுத்துப் போடும்போதோ, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அந்த ஒரு வார்த்தையைத்தான் உற்றுப் பார்ப்பார். இந்தக் குறிப்பு வருஷக் கணக்கில் உங்களைத் தொடர்ந்து வரும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, "போனை எடுக்காதீர்கள், வருகிற கடிதத்தைப் பிரிக்காதீர்கள்" என்ற உபதேசம்.

கடன் வாங்கும்போது நீங்கள் செக்கோ, கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுத்துக் கொள்ளும் சம்மதமோ கொடுத்திருப்பீர்கள். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு. தானியங்கித் தவணை திரும்பினால் 2007-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின் 25-ஆவது பிரிவு. இரண்டும் கிரிமினல் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஆனால் சட்டம் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளைக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. பதினைந்தே நாள்! அந்த நோட்டீஸைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டு வைக்கச் சொல்லுகிறவர் உங்களுக்கு நண்பரா, சொல்லுங்கள்? கோர்ட்டில் கூப்பிடும்போது உங்கள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். தரகரின் பெயரை அல்ல.

அநேகக் கடன் பத்திரங்களில், தகராறு வந்தால் மத்தியஸ்தர் முன் தீர்த்துக் கொள்வது என்று ஒரு ஷரத்து இருக்கும். அந்த மத்தியஸ்தர் அனுப்பும் கடிதத்துக்கும் பதில் போடாவிட்டால், நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்பட்டு விடும். பிறகு அதைக் கோர்ட்டு டிகிரியைப் போலவே நிறைவேற்றலாம்.

இன்னொன்று. உங்கள் கடனுக்கு யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? அக்காள் புருஷன் போட்டிருக்கலாம். கூட வேலை பார்க்கும் சிநேகிதர் போட்டிருக்கலாம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. நீங்கள் தரகர் பேச்சைக் கேட்டுத் தவணையை நிறுத்தும் அன்றைக்கே, ஒன்றும் அறியாத அந்த மனிதர் வீட்டுக் கதவும் தட்டப்படலாம். அவருடைய மார்க்கும் இறங்கும். பணம் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். நம்பிக் கையெழுத்துப் போட்டவர் முகத்தில் எப்படி விழிப்பது?

பாங்க்காரருக்குத் தரகரோடு பேசியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. "எங்கள் வாடிக்கைக்காரரோடுதான் பேசுவோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடலாம். அப்போது நீங்கள் மாதாமாதம் கொடுத்த கூலி கொடுத்ததுதான்.

*

இந்த வியாபாரத்தில் நம்மைவிட மூத்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

2010-ஆம் வருஷம் அமெரிக்கப் பாராளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசாங்க அலுவலகம் ஒரு வேடிக்கை செய்தது. தன் ஆட்களையே கடன்காரர்களைப் போல வேஷம் போடச் செய்து, இப்படிப்பட்ட 20 கம்பெனிகளுக்கு டெலிபோன் செய்யச் சொல்லிற்று. அவற்றில் 17 கம்பெனிகள், கடனைப் பைசல் செய்வதற்கு முன்பே கூலி வாங்குவோம் என்று சொல்லின. வேலையை முடித்த பிறகே கூலியில் பெரும் பகுதியை வாங்குவோம் என்று சொன்னது ஒன்றே ஒன்றுதான்! சில இடங்களில் முதல் நாலு மாதம் வரை கட்டும் பணம் முழுவதும் கூலிக்கே போய்விடும். அநேகமாக எல்லாக் கம்பெனிகளுமே, கடன்காரர்களுக்குப் பணம் கட்டுவதை நிறுத்துங்கள் என்று புத்தி சொல்லின. ஒழுங்காகத் தவணை கட்டிக் கொண்டிருந்த கணக்குகளையுங்கூட நிறுத்தச் சொல்லின என்பதுதான் விசேஷம்.

அதே வருஷம் அக்டோபர் 27 முதல், அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் ஒரு விதியை அமலுக்குக் கொண்டு வந்தது. டெலிபோன் மூலம் ஆள் பிடிக்கும் பைசல் கம்பெனிகள், ஒரு கடனையாவது பேசித் தீர்த்து, அந்த ஏற்பாட்டின்படி வாடிக்கைக்காரர் ஒரு தவணையாவது கட்டிய பிறகுதான் அந்தக் கடனுக்கான கூலியைத் தொடலாம். 'முன்பணம் கூடாது' என்பதுதான் இதன் சாரம். விதி வந்த பிறகும் வழக்குகள் ஓயவில்லை. முன்கூட்டியே பணம் கறந்ததாகச் சொல்லி, 2024 ஜனவரியில்கூட மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பும் ஏழு மாநிலங்களும் சேர்ந்து ஒரு கம்பெனிக் கூட்டத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தன. போதாக்குறைக்கு, அங்கே தள்ளுபடியான கடன் தொகையைப் பொதுவாக வருமானமாகக் கருதி அதற்கு வரியும் கேட்பார்கள். எப்படி இருக்கிறது?

நம் நாட்டில் நிலைமை என்ன? பாங்க் நடத்த ரிசர்வ் பாங்கின் உரிமம் வேண்டும். உங்கள் கடன் சரித்திரத்தை எழுதி வைக்கும் நிறுவனத்துக்கும் ரிசர்வ் பாங்கின் பதிவு வேண்டும். கடனைப் பைசல் செய்து தருகிறேன் என்று போர்டு மாட்டுகிறவருக்கு அப்படித் தனியாக ஓர் உரிமம் கிடையாது. 'பதிவு பெற்ற கம்பெனி' என்று அவர்கள் பெரிய எழுத்தில் போட்டுக் கொள்வது, பெரும்பாலும் எல்லாக் கம்பெனிகளும் செய்து கொள்ளும் சாதாரணப் பதிவுதான். ஊறுகாய்க் கம்பெனிக்கும் அது உண்டு.

2023 டிசம்பர் 11 அன்று ரிசர்வ் பாங்கே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கடனைத் தள்ளுபடி செய்து தருவதாகச் சிலர் பத்திரிகைகளிலும் சமூக வலைத்தளங்களிலும் விளம்பரம் செய்கிறார்கள். எந்த அதிகாரமும் இல்லாமல் 'கடன் தள்ளுபடிச் சான்றிதழ்' கொடுத்து, சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று பணம் வாங்குகிறார்கள். இவர்களிடம் ஏமாற வேண்டாம், போலீஸில் சொல்லுங்கள் என்று அது சொல்லிற்று. உங்கள் கடனைத் தள்ளுபடி செய்யக் கூடியவர், அதைக் கொடுத்தவர்தான். மூன்றாம் மனிதர் கொடுக்கும் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம். வேறு உபயோகம் இல்லை.

எல்லாக் கம்பெனிகளும் மோசடிதானா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. உண்மையாகவே பேசிக் கொடுக்கிறவர்களும் இருக்கலாம். ஆனால் அவர்கள் செய்யும் காரியத்தில் நீங்களே செய்ய முடியாதது எது? அதைத்தான் யோசிக்கச் சொல்லுகிறேன்.

*

சரி, கழுத்தை நெரிக்கிறது, என்னதான் செய்வது?

முதல் காரியம், தவணை தவறுவதற்கு முன்பே பாங்குக்குப் போய்விடுவது. போய், வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். வேலை போன கடிதம், ஆஸ்பத்திரி பில் எது இருக்கிறதோ அதன் நகலை இணையுங்கள். தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். கடன் அட்டைப் பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றிக் கேளுங்கள். கொடுத்த கடிதத்துக்கு முத்திரை போட்ட ரசீது வாங்குங்கள். தலைமறைவாகிறவனைவிட எதிரே வந்து உட்காருகிறவனிடம் பாங்க்காரருக்கு எப்போதுமே மதிப்பு அதிகம்.

அதுவும் முடியாத நிலை சிலருக்கு வருகிறது. வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டார், தொழில் மூழ்கிவிட்டது என்றால் பைசல் ஒன்றுதான் வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை நேரே கேளுங்கள். 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் பாங்க், சமரசப் பைசல்களுக்கு ஒவ்வொரு பாங்கும் நிதி நிறுவனமும் தன் நிர்வாகக் குழு ஒப்புக் கொண்ட கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தது. ஆகவே பேரம் பேசும் மேஜை பாங்குக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: விவசாயம் அல்லாத கடன்களில் இப்படிப் பைசல் செய்து கொண்டவருக்கு, அந்த நிறுவனம் மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் கழிய வேண்டும்.

பேச்சு முடிந்ததும், காகிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பாங்கின் பெயர் அச்சிட்ட காகிதத்தில், உங்கள் கடன் எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, அதைக் கட்டினால் மீதி முழுவதும் தள்ளுபடி என்ற வாசகம் - இந்த நான்கும் இருக்க வேண்டும். கைபேசியில் வந்த படத்தை நம்பாதீர்கள். கிளைக்கே போய், கடிதம் மெய்தானா என்று கேளுங்கள். பணத்தை உங்கள் கடன் கணக்கில்தான் கட்ட வேண்டும். வசூலுக்கு வந்தவரின் சொந்தக் கணக்கில் கட்டினால் அது கிணற்றில் போட்ட கல். கட்டி முடித்ததும் 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழ் வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் ஈடாக இருந்தால், கடன் முடிந்து முப்பது நாளைக்குள் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தவறு பாங்கினுடையதானால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு.

இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் சரித்திர அறிக்கையை வரவழைத்துப் பாருங்கள். அந்த நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கொடுக்க வேண்டும். பின்னால் கையில் பணம் வந்தால், தள்ளுபடியான மீதியையும் கட்டி 'பைசல்' என்ற குறிப்பை 'முடிந்தது' என்று மாற்றிக் கொள்ளப் பல பாங்குகள் சம்மதிக்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

வசூல்காரர் தொல்லைக்குப் பயந்துதான் தரகரிடம் போகிறேன் என்கிறீர்களா? அதற்கும் மருந்து உண்டு. கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும், மாலை 7 மணிக்குப் பின்னும் உங்களைக் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்க் கண்டிப்பாகச் சொல்லிற்று. திட்டுவது, மிரட்டுவது, உறவினரிடமும் சிநேகிதரிடமும் போய் மானத்தை வாங்குவது எதுவும் கூடாது. மீறினால் நாள், மணி, பேசிய எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து, முதலில் அந்தப் பாங்குக்கே புகார் எழுதுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். காலணாச் செலவில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. தரகர் மேல் இங்கே புகார் கொடுக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். அவர் ரிசர்வ் பாங்கின் ஆளுகைக்குள் வருகிறவர் அல்லவே!

லோக் அதாலத்து என்ற மக்கள் நீதிமன்றம் இருக்கிறதே, அது எதற்கு? 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்தது. கட்டணம் கிடையாது. பாங்க் அதிகாரியும் நீங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி, ஒப்புக் கொண்டால் அதுவே தீர்ப்பு. அதன் மேல் அப்பீல் இல்லை. அதே சட்டத்தில் பெண்மணிகளுக்கு ஒரு விசேஷச் சலுகையும் உண்டு. வருமானம் எவ்வளவு ஆனாலும் பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவச சட்ட உதவி கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தரகருக்கு மாதம் மூவாயிரம் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் படியை ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

ஏற்கெனவே ஒரு கம்பெனியில் சேர்ந்து விட்டவர்கள் கலங்க வேண்டாம். இதுவரை எவ்வளவு வாங்கினீர்கள், எந்தக் கடனுக்கு யாரோடு என்ன பேசினீர்கள், கடிதம் எங்கே என்று எழுதிக் கேளுங்கள். மழுப்பினால், உங்கள் கணக்கிலிருந்து அவர்களுக்குப் பணம் போகும் ஏற்பாட்டைப் பாங்கில் சொல்லி நிறுத்துங்கள். ஆதார், பான் நகல்களும் அதிகாரப் பத்திரமும் கொடுத்திருந்தால், அந்த அதிகாரத்தை ரத்துச் செய்வதாக எழுத்தில் தெரிவியுங்கள். கடன் கொடுத்தவரிடம் நேரே போங்கள். கம்பெனியின் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கான உதவி எண் 1915. பணத்தை வாங்கிக் கொண்டு ஆளே மறைந்து விட்டால் 1930-க்கு உடனே சொல்லுங்கள்.

சேரலாமா என்று இன்னும் யோசிக்கிறவர்கள், அந்தத் தேன் குரலிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். "கடன் தீர்ந்த பிறகு கூலி வாங்கிக் கொள்வீர்களா? என் மேல் வழக்கு வந்தால், யார் செலவில், எந்த வக்கீல் வருவார் என்று எழுதிக் கொடுப்பீர்களா? பாங்கோடு பேசும்போது என்னையும் பக்கத்தில் வைத்துக் கொள்வீர்களா?" மூன்றுக்கும் 'ஆகட்டும்' என்று எழுத்தில் பதில் வந்தால் மேலே பேசுங்கள். அநேகமாக டெலிபோன் வைக்கப்படும் சத்தந்தான் கேட்கும்.

கடைசியாக ஒன்று. கடன்பட்டவர்களில் எத்தனையோ பேர் அதை வீட்டில் சொல்லுவதில்லை. மனைவிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள் என்று கணவர் மறைக்கிறார். அவருக்குத் தெரிந்தால் கோபிப்பார் என்று மனைவி மறைக்கிறாள். அந்த மறைப்புத்தான் தரகருக்கு வாசற்படி. வீட்டில் சொல்ல முடியாததைக் கேட்க வெளியே ஒரு குரல் காத்திருக்கிறது. அதற்குத்தான் மாதச் சந்தா.

இன்று சாப்பாடு ஆன பிறகு, அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் உறைகளை எடுத்துக் கூடத்தில் வையுங்கள். இரண்டு பேருமாக உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, எந்த வட்டி, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதல் பத்து நிமிஷம் கஷ்டமாகத்தான் இருக்கும். கொஞ்சம் அழுகையும் வரலாம், இரண்டு வார்த்தை கோபமாகவும் வரலாம். வரட்டும். தாள் எழுதி முடியும்போது கடன் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. ஆனால் அதைச் சுமக்க இரண்டு பேர் இருப்பார்கள். காலையில் பாங்க் திறந்ததும் அந்தத் தாளோடு சேர்ந்தே போங்கள்.